கடைமடையில் தண்ணீர் வடியுமா? வரைபடம் சொல்லும் கணக்கு

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தால் கொல்லிமலை விவசாயிக்கு மண் கரைந்து போகுமே என்ற கவலை. காரைக்காலின் வடகோடியில் கடலோரம் உள்ள மண்டபத்தூர் போன்ற ஊர்களிலோ சம்பா வயலில் நிற்கும் தண்ணீர் எப்போது வடியும் என்பதே கவலை. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கவலை உண்மையாயிற்று.

வடிநிலத்தின் வடிவம்

மழைநீர் ஒரே வடிகாலுக்கு வந்து சேரும் நிலப்பரப்பே வடிநிலம். அதன் பரப்பை, நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வடிவ எண் கிடைக்கும். 20 சதுர கிலோமீட்டர் பரப்பும் 10 கிலோமீட்டர் நீளமும் இருந்தால் 20ஐ 100ஆல் வகுக்க 0.2 வரும். வட்டமான வடிநிலத்தில் இது 0.78 அளவில் இருக்கும். வட்டமானதில் வெள்ளம் ஒரே நேரத்தில் திரண்டு மண்ணை அறுக்கும். நீண்டு குறுகியதில் வெள்ளம் மெதுவாக வரும். ஆனால் பல நாள் நீடிக்கும்.

படத்தின் குறை

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடுதான் உண்டு. கடலோரச் சமவெளியில் ஒரு கோடும் விழாது. செயற்கைக்கோள் உயரப் படங்களிலும் சில மீட்டர் பிழை உண்டு; தென்னந்தோப்பின் தலையையும் மேடாகக் காட்டிவிடும். மலைக்கு உதவும் படம் கடைமடைக்குப் போதாது.

விவசாயிகள் செய்யக்கூடியது

கோடையில் ரசமட்டக் குழாய் கொண்டு வடிகாலின் அடிமட்டத்தை 30 மீட்டருக்கு ஓரிடமாகப் பார்க்கவும். குழாயில் நீர் எந்தக் குச்சியில் அதிக உயரம் காட்டுகிறதோ அங்கே தரை பள்ளம். கடல் நோக்கிப் போகும்போது இடையில் மேடு தட்டினால் அங்குதான் அடைப்பு. அந்த இடங்களைக் கிராம வரைபடத்தில் குறித்து, அவற்றை முதலில் தூர் வாரினால் செலவு குறையும். வாரிய மண்ணைக் கரை ஓரத்தில் கொட்டினால் மழையில் மீண்டும் உள்ளே இறங்கிவிடும். சற்றுத் தள்ளிப் போடவும். கரையிலுள்ள புல்லைச் செதுக்காமல், அறுக்கும் இடங்களில் வெட்டிவேர் நடவும்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஓதம் உயர்வதால் வடிகால் நீர் தடைபடும். ஓதம் இறங்கும் நேரத்தில் மதகைத் திறந்து, ஏறும்போது மூடினால் உப்புநீர் புகாது. எப்படியும் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயல்களுக்கு, சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 நெல் ஏற்றது.

ஒருவர் வயலின் நீர் அடுத்தவர் வயல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஆகவே ஒரே வடிகாலைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி இதைச் செய்தால்தான் பலன் கிட்டும்.