குளிசையும் சூரை மீனும்

சென்ற வருடம், பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் என் மாணவி ஒருத்தியின் தந்தை காசநோய்க் குளிசைகளை இடைநடுவில் நிறுத்திவிட்டார். லயத்துக்கே போய்க் காரணம் கேட்டேன். "அந்தக் குளிசை எனக்கு ஒத்துக்கல சேர். சூர மீன் கறியோட சோறு தின்னேன். கொஞ்ச நேரத்துல மூஞ்சி செவந்து, தல வெடிக்கிற மாதிரி வலிச்சிச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சிச்சு" என்றார். குளிசைதான் குற்றவாளி என்பது அவரது தீர்ப்பு. அது சரிதானா?

காசநோய் மருந்துகளுள் முக்கியமான ஐசோனியசிட் 1952 முதல் பாவனையில் உள்ளது. விழுங்கிய மருந்து உடம்புக்குள் அப்படியே இருப்பதில்லை. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதனோடு அசெற்றைல் என்னும் சிறு கூறை ஒட்டி, அதன் வலுவைக் குறைக்கிறது. பின் அது சிறுநீரோடு வெளியேறுகிறது. இதுவே மருந்தின் அனுசேபம். இதன் வேகம் பரம்பரையைப் பொறுத்தது. சிலரின் இரத்தத்தில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திலேயே மருந்து பாதியாகிவிடும். வேறு சிலருக்கு மூன்று மணித்தியாலமளவு செல்லும்.

இன்று இதைத் திணிவு நிறமாலைமானி கொண்டு அளக்கிறார்கள். அதை மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு எனலாம். இரத்த மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, திணிவுவாரியாக வேறாக்கி அளவிடும். ஐசோனியசிட்டின் மூலக்கூற்றுத் திணிவு 137. அசெற்றைல் ஒட்டியதும் 179. இரண்டின் அளவையும் ஒப்பிட்டால் மருந்து எவ்வளவு மாறியது என்பது தெரிந்துவிடும்.

உடம்பு மருந்தை மாற்றுவது போல, மருந்தும் உடம்பின் வேலையை மாற்றும். மீன் விடயம் இங்கேதான் வருகிறது. சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால், பக்டீரியாக்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாதாரணமாக நம் குடலிலுள்ள நொதியங்கள் அதைச் சிதைத்துவிடும். ஐசோனியசிட் அந்த நொதியத்தைத் தடுப்பதால், மற்றவரைப் பாதிக்காத அளவு ஹிஸ்டமினும் நோயாளியைப் பாதிக்கிறது. இந்த உண்மையை 1977 இல் ஆய்வாக வெளியிட்டவர்கள் நம் நாட்டு வைத்திய அறிஞர்களான ஊரகொடவும் கொத்தேகொடவும்.

சூரை ஆணம் நம் வீடுகளிலும் லயங்களிலும் விருப்பமானது. ஆனால் கடற்கரையிலிருந்து ஊவா மலைக்கு மீன் ஏறிவர நேரமாகும். ஆகவே, குளிசை எடுக்கும் மாதங்களில் இவ்வகை மீனைத் தவிர்ப்பதே நல்லது. குளிசையைத் தவிர்ப்பதோ ஆபத்து. பாதியில் விட்டால் நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். ஒரே லயத்தில் வாழும் மற்றவருக்கும் தொற்றலாம்.

அந்தத் தந்தையைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வைத்தியர் முதலில் கேட்டது, "அன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்பதே. அவர் குளிசையை மீண்டும் தொடங்கினார். நாமும் நோயாளிகளிடம் "ஏன் நிறுத்தினாய்?" என்று அதட்டுமுன் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.