பழைய ஏ.சி.யின் குழாயை வெட்டும் முன்

வெதுருகுப்பம் வட்டாரத்தின் கோடையில் நீச்சல்குளத்தைச் சூடாக்கும் ஹீட் பம்ப் நமக்குத் தேவையில்லை. ஆயினும் அதே தத்துவத்தில் இயங்கும் ஏ.சி. பல வீடுகளில் உள்ளது. இரண்டிலும் கவனத்திற்குரியது குழாய்க்குள் அடைபட்ட வாயு.

இன்று பரவலாகப் பயன்படும் ஆர்-32 வாயு தீப்பற்றக்கூடியது. அதே எடை கரியமில வாயுவைவிட, நூறாண்டுக் கணக்கில், சுமார் 675 மடங்கு புவியைச் சூடாக்குவது.

பொருத்தும்போது தனி மின்இணைப்பு, தரமான எர்த், கசிவுச் சோதனை ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவோம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே உறையை நாமே திறத்தல் கூடாது. வாயு தானாகக் குறைவதில்லை. குறைந்தால் கசிவு உண்டு. அதை அடைக்காமல் வாயு நிரப்புவது வீண்செலவு.

பழைய ஏ.சி.யைக் காயலான் கடையில் போட்டால், செம்புக்காகக் குழாயை வெட்டுவர். வாயு காற்றில் கலக்கும், தீப்பொறி பட்டால் வெட்டுபவருக்கே ஆபத்து. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது சுமத்துகின்றன. எனவே வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுத்து, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

ஏ.சி.க்குக் கடன் பெற எண்ணும்போதே விலையுடன் எர்த், பொருத்துதல், பராமரிப்புச் செலவுகளையும் சேர்த்துத் திட்டமிடுவோம்.