'தோனி கோபா?' - திவேஹி பேசலாம் வாங்க!

பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறது, பூலாம்பாடி. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் மாவட்டம் இது. மாவட்டத்தின் எந்த மூலைக்குப் போனாலும் கடலைப் பார்க்க முடியாது. ஆனால், கடல் கடந்து வேலைக்குப் போனவர்கள் இங்கே பல வீடுகளில் உண்டு.

அப்படி ஒரு வீடு உங்கள் வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள் குட்டீஸ். உங்கள் சித்தப்பா அடுத்த மாதம் மாலத்தீவுக்கு வேலைக்குக் கிளம்புகிறார். பெட்டியில் ஊறுகாய் ரெடி. பருப்புப் பொடி ரெடி. ஆனால், அங்கே பேசும் மொழியில் ஒரு வார்த்தையாவது அவருக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் நீங்களே அவருக்கு டீச்சர் ஆகிவிடலாம். அந்த மொழியின் பெயர், 'திவேஹி'.

ஒரு மாவட்டத்தை விடச் சின்னது!

இந்தியப் பெருங்கடலில், இலங்கைக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ 1,200 குட்டித் தீவுகள் சேர்ந்ததுதான் மாலத்தீவு. அவற்றில் சுமார் 200 தீவுகளில்தான் மக்கள் ஊராகக் கூடி வாழ்கின்றனர். தலைநகர் மாலே. அந்த நாட்டவர் தங்கள் நாட்டை, 'திவேஹி ராஜ்ஜே' என்பர். 'திவேஹி' என்றால் தீவைச் சேர்ந்தது என்று பொருள். நம் 'தீவு' என்ற சொல்லும், அந்தச் சொல்லும், 'த்வீப' என்ற ஒரே வடசொல்லில் இருந்து வந்தவை.

இப்போது ஒரு கணக்கு. 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை, 5,65,223. மாலத்தீவில் 2022ல் கணக்கெடுத்தபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்தே, 5,15,132 பேர்தான் இருந்தனர். திவேஹியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அதாவது, தமிழ்நாட்டின் ஒரு சின்ன மாவட்டத்தில் இருப்பவர்களை விடக் குறைவானவர்கள் பேசும் மொழி, ஒரு நாட்டின் ஆட்சி மொழியாக இருக்கிறது!

இந்தியாவிலும் இந்த மொழி உண்டு. லட்சத்தீவில் உள்ள மினிக்காய் தீவுக்காரர்கள் பேசும், 'மஹல்' என்பது திவேஹியின் ஒரு வட்டார வழக்குதான்.

பத்தே பத்து!

சரி... பாடம் ஆரம்பம். நோட்டு, பேனா எடுத்தாச்சா?

1. அஸ்ஸலாமு அலைக்கும் - யாரைப் பார்த்தாலும் முதலில் சொல்லும் வணக்கம்.
2. ஹாலு கிஹினே? - நலமா?
3. ரங்களு - நலம், நன்று.
4. ஆன் - ஆமாம்.
5. நூன் - இல்லை.
6. ஷுகுரிய்யா - நன்றி.
7. மஆஃபு குரே - மன்னித்துக் கொள்ளுங்கள்.
8. கோபா? - எங்கே?
9. அகு கிஹாவரே? - விலை எவ்வளவு?
10. அஹரெங்கே நமகீ... - என் பெயர்... (இதற்குப் பிறகு உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதுதான்!)

உச்சரிப்பில் இரண்டு விஷயம் கவனியுங்கள். சொல்லின் கடைசியில் வரும் 'ன்' என்பதை, 'ங்' போலச் சொல்வார்கள். அதனால், 'ஆன்' என்பது, 'ஆங்' என்று காதில் விழும். பாட்டி கதை சொல்லும்போது நாம், 'ஆங்... அப்புறம்?' என்போமே, அதேதான்! அடுத்து, 'கிஹினே', 'கிஹாவரே' என்று ஏகாரத்தில் முடியும் கேள்விகளை இழுக்கக் கூடாது. மூச்சைப் பிடித்த மாதிரி சட்டென்று நிறுத்த வேண்டும்.

'ரங்களு'வில் வரும் 'ள' நமக்குக் கை வந்த கலை. 'ள'வை 'ல' என்று சொல்லித் தமிழ் ஐயாவிடம் திட்டு வாங்காதவர்கள் திவேஹியிலும் பாஸ்!

இந்தப் பத்தில் மிகவும் உதவும் சொல் எது தெரியுமா? 'கோபா'தான். தெரியாத ஊரில் தனியாக நிற்கும்போது, தேடும் பொருளின் பெயரை முன்னால் போட்டு, 'கோபா?' என்றால் போதும். தண்ணீருக்கு அங்கே, 'ஃபென்'. 'ஃபென் கோபா?' என்றால் தண்ணீர் எங்கே? 'ஹாஸ்பிடல் கோபா?' என்றால் மருத்துவமனை எங்கே? உடம்பு சரியில்லாத நேரத்தில் இந்த ஒரு சொல் ஆயிரம் ரூபாய்க்குச் சமம்.

அட... இது நம்ம வார்த்தை!

'தோனி கோபா?' என்றால் என்ன? கிரிக்கெட் வீரரைத் தேடவில்லை குட்டீஸ். படகு எங்கே என்று கேட்கிறோம்! மாலத்தீவுப் படகின் பெயர், 'தோனி'. முன்பெல்லாம் தென்னை மரத்தில் செய்வார்கள். தூத்துக்குடியில் இருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய் வந்த கலங்களை அந்த ஊர்க்காரர்கள், 'தோணி' என்கின்றனர். ஒரு சுழிதான் வித்தியாசம்!

அங்கே இளநீர்க் காயை, 'குரும்பா' என்பர். தென்னையின் பிஞ்சை நாம், 'குரும்பை' என்கிறோம். மீனுக்கு அங்கே, 'மஸ்'. காய்ந்த மீன், 'ஹிகிமஸ்'. மாலத்தீவில் இருந்து வரும் காய்ந்த சூரை மீனை இலங்கைத் தமிழர்கள், 'மாசி' என்று சொல்லித்தான் சம்பலில் போடுகின்றனர்.

ஆனாலும், திவேஹி திராவிட மொழி இல்லை. அதன் நெருங்கிய சொந்தம், சிங்களம். சிங்களத்தில் நான்கு, 'ஹதர', திவேஹியில், 'ஹதரே'. சிங்களத்தில் ஐந்து, 'பஹ', திவேஹியில், 'ஃபஹே'. இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. பழைய 'ப' ஒலி, திவேஹியில் 'ஃப' ஆகிவிட்டது. இந்தியில், 'பியாஸ்' எனப்படும் வெங்காயம், அங்கே, 'ஃபியா'. நம் மாவட்டத்துச் சின்ன வெங்காயத்தைக் காட்டினால், சித்தப்பா இனி, 'ஃபியா' என்று சொல்லலாம்!

எண்ணில் பிறந்த எழுத்து

திவேஹியின் எழுத்துக்கு, 'தானா' என்று பெயர். அரபி போல வலப்பக்கம் இருந்து இடப்பக்கமாக எழுத வேண்டும். இதன் முதல் ஒன்பது எழுத்துகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அரபு எண்கள் 1 முதல் 9 வரை! அடுத்த ஒன்பது எழுத்துகள், அந்தத் தீவுகளில் முன்பு வழங்கிய பழைய எண்களில் இருந்து வந்தவை.

நம் தமிழ் எண்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு, 'க' போன்ற வடிவம். இரண்டுக்கு, 'உ' போன்ற வடிவம். நமக்கு எண்கள் எழுத்து போல இருக்கின்றன. அவர்களுக்கோ எண்களே எழுத்தாகிவிட்டன. ஜாலியாக இருக்கிறது இல்லையா?

இந்த எழுத்துக்கு ஒரு ஆபத்தும் வந்தது. 1970களில் செய்தி அனுப்ப, 'டெலக்ஸ்' இயந்திரங்கள் வந்தன. அவற்றில் ஆங்கில எழுத்துகளை மட்டுமே அடிக்க முடியும். அதனால், 1976ல் அரசு அலுவல்களில் திவேஹியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை வந்தது. இயந்திரத்துக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒரு மொழி தன் எழுத்தையே ஓரம் கட்ட வேண்டி வந்தது! நல்லவேளை... 1978ல் ஆட்சி மாறியதும், தானா திரும்பி வந்தது. டெலக்ஸ் காணாமல் போய்விட்டது. தானாவை இன்று கம்ப்யூட்டரிலும், மொபைல்போனிலும் எழுதுகின்றனர்.

சோழர் காலத்துத் தொடர்பு

தமிழர்களுக்கு இந்தத் தீவுகள் புதிதல்ல. முதலாம் ராஜராஜ சோழன் வென்ற இடங்களில், 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்பதும் ஒன்று என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. அது மாலத்தீவைக் குறிக்கும் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அவன் மகன் ராஜேந்திரன் தலைநகராக்கிய கங்கைகொண்ட சோழபுரம், பூலாம்பாடிக்குப் பக்கத்து மாவட்டமான அரியலூரில்தான் இருக்கிறது.

அன்று போனவர்கள் படையோடு போனார்கள். இன்று போகிறவர்கள் பிழைப்புக்குப் போகிறார்கள். ஆசிரியர்களாகவும் நம்மவர்கள் போகிறார்கள். படைக்கு வாள் வேண்டும். பிழைக்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது, நாலு நல்ல வார்த்தை!

எப்படிப் பழகுவது?

ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும்; பத்து நாளில் பாடம் முடிந்துவிடும். சாப்பாட்டு நேரத்தில், 'ஃபென் கோபா?' என்று கேளுங்கள். தண்ணீர் கொடுத்தவருக்கு, 'ஷுகுரிய்யா' சொல்லுங்கள். சித்தப்பாவோடு கடை விளையாட்டு விளையாடுங்கள். நீங்கள் கடைக்காரர்; அவர் வெங்காயம் வாங்க வருகிறார்.

'அஸ்ஸலாமு அலைக்கும். ஹாலு கிஹினே?'

'ரங்களு. ஃபியா... அகு கிஹாவரே?'

தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டு, 'மஆஃபு குரே' சொல்லி, மறுபடியும் ஆரம்பியுங்கள். தப்பு வரும் என்று பயந்து வாயைத் திறக்காமல் இருப்பவருக்கு எந்த மொழியும் வராது.

'அங்கேதான் இங்கிலீஷ் தெரியுமே, அது போதாதா?' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மாலத்தீவுப் பள்ளிகளில் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்துகின்றனர். விடுதிகளிலும், கடைகளிலும் ஆங்கிலம் செல்லும். ஆனால், நம் ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'வணக்கம், நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டால், நமக்கு எவ்வளவு சந்தோஷம்! டீ வாங்கிக் கொடுத்துத்தானே அனுப்புவோம்? கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்காரர்களான நமக்கே அப்படி என்றால், 4 லட்சம் பேர் மட்டுமே பேசும் மொழியை ஒருவர் மதித்துக் கற்று வந்தால், அவர்களுக்கு எப்படி இருக்கும்?

சித்தப்பாவின் பெட்டியில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், இந்தப் பத்து வார்த்தைகளையும் ஒரு தாளில் எழுதி வைத்து விடுங்கள். ஊறுகாய் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். வார்த்தைகள் தீராது!