ஆங்கிலத்தில் இரண்டு நிகழ்காலங்கள்

மாணவர்களே, "நான் கடிதம் எழுதுகிறேன்" என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். தமிழில் இது அன்றாட வழக்கத்தையும் குறிக்கும். இப்பொழுது நடைபெறும் செயலையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வினை வடிவங்கள் உள்ளன. தமிழை அப்படியே மொழிபெயர்ப்போர் புள்ளிகளை இழப்பது இங்கேதான்.

1. சாதாரண நிகழ்காலம்: வழக்கமான செயல்களையும் பொது உண்மைகளையும் கூறும்.
"ஷீ றைற்ஸ் லெற்றர்ஸ் எவ்ரி வீக்."
எழுவாய் ஹீ, ஷீ, இற் ஆயின் வினையின் இறுதியில் 'எஸ்' அல்லது 'இஎஸ்' சேரும்.

2. தொடர் நிகழ்காலம்: பேசும் வேளையில் நடந்துகொண்டிருக்கும் செயலைக் கூறும்.
"ஷீ இஸ் றைற்றிங் எ லெற்றர் நௌ."
ஆம், இஸ், ஆர் ஆகியவற்றுள் ஒன்றும் 'ஐஎன்ஜி' விகுதியும் சேர்ந்தே வரவேண்டும். ஒன்றை விட்டாலும் பிழையே.

இலகுவான சோதனை: வினையுடன் "கொண்டிருக்கிற" என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கருத்து மாறாவிடின் தொடர் நிகழ்காலத்தை எழுதலாம்.

விதிவிலக்கு: நோ, வோன்ற், லைக் போன்ற மனநிலை வினைகள் பொதுவாகத் தொடர் வடிவம் பெறுவதில்லை. "ஐ ஆம் நோயிங்" தவறு; "ஐ நோ" என்பதே சரி. 'ஹேவ்' உடைமையைக் குறிக்கும்போதும் அவ்வாறே: "ஐ ஹேவ் ரூ பிறதர்ஸ்." உண்பதைக் குறித்தால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" எனலாம்.

பயிற்சி:
(அ) லிசின்! சம்வன் ...... (சிங்)
(ஆ) த சன் ...... இன் த ஈஸ்ற். (றைஸ்)

விடை: (அ) இஸ் சிங்கிங் (ஆ) றைசஸ்

முதலாவதில் 'நௌ' இல்லை. 'லிசின்' என்ற ஏவலே காலத்தை உணர்த்துகிறது. ஆகவே வாக்கியம் முழுவதையும் வாசித்தபின் விடை எழுதுங்கள்.