காவலன் கட்டிய குடிசை வாடகைக்கு

வாடகைக்கு வீடு பார்க்கப் புறப்பட்டால் நம்மவர்கள் முதலில் கேட்பது, "குழாயில் தண்ணீர் வருமா?" என்பதுதான். அடுத்தது மின்சார விளக்கு. இரண்டும் கிடையாது, கழிப்பிடம் வெளியே, படுக்கையை வருகிறவரே சுமந்து வரவேண்டும், புறப்படுகையில் வீட்டைப் பெருக்கி, குப்பையையும் கையோடு எடுத்துப் போகவேண்டும் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால், அந்தத் தெருப் பக்கமே யாரும் தலைகாட்ட மாட்டார்கள். ஐக்கிய அமெரிக்காவிலோ இத்தகைய வீட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே இணையத் தளத்தில் பதிவு செய்துகொண்டு குடும்பத்தோடு போகிறார்கள். அங்கே வீட்டுக்காரர் சர்க்கார். வீடு, தேசீய வனத்தின் நடுவே நிற்கும் பழைய மரக் குடிசை.

தேசீய வனம் வேறு, தேசீயப் பூங்கா வேறு. பூங்காவில் மரம் வெட்டி விற்கும் வழக்கமில்லை. தேசீய வனத்திலோ மரமும் வெட்டலாம், ஆடு மாடும் மேய்க்கலாம். ஆனால் எல்லாம் அளவோடு, சர்க்கார் அனுமதியோடு. அத்தகைய வனங்கள் 154 இருக்கின்றன. புல்வெளிகளையும் சேர்த்து 1905-இல் ஏற்பட்ட வன இலாகாவின் பராமரிப்பில் உள்ள நிலம் 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள்.

இவ்வளவு பெரிய காட்டைக் காத்தவர்கள் யார்? குதிரையும் கோடரியுமாகத் திரிந்த சொற்பச் சம்பளக் காவலர்கள். அவர்களுள் ஒருவர் எமெரி பிஞ்ச். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில், டக்கபுஷ் ஆற்றின் அருகே, 1907-இல் அவர் ஒரு குடிசை எழுப்பினார். உரித்த மரக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுவர். நாற்புறமும் சரிந்து உச்சியில் கூடும் கூரை. மறு ஆண்டு மணம் புரிந்து மனைவியை அங்கே அழைத்து வந்தார். புதுப் பெண்ணுக்குப் புகுந்த வீடு இப்படி வாய்த்தது! 'இன்டரோரம்' என்று வழங்கும் அந்தக் குடிசை இன்றும் நிற்கிறது, வாடகைக்கும் கிடைக்கிறது. பாசி படர்ந்த மேப்பிள் மரங்களுக்கிடையே முக்கால் மைல் சொச்சம் நடந்தால், ஆறு பாறைகளுக்கிடையே ஒடுங்கிப் பாயும் ஒரு மடு வரும். 'காவலன் மடு' என்பது அதன் பெயர்.

அந்த ஆற்றங்கரை பிஞ்சுக்கு முன் வெறுங்காடாக இருந்ததென்று எண்ணிவிடக் கூடாது. துவானா என்னும் பூர்வ குடிகள் அங்கே சால்மன் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அந்நிலத்தைக் கைவிட நேர்ந்தவர்கள். குடிசைக்கு நூறாண்டுச் சரித்திரம் என்றால் மண்ணுக்கு அதைவிட எத்தனையோ நீண்ட சரித்திரம் உண்டு.

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மான்டானா மாநிலங்களில் இரண்டே நாளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு தீக்கிரையாயிற்று. அதற்குப் பிறகு சிகரந்தோறும் தீக்காவல் கோபுரங்களும், பாதைதோறும் காவற் குடில்களும் பெருகின. 1933 முதல் 1942 வரை, வேலையில்லாத் திண்டாட்டத்தில் வாடிய இளைஞர்களைச் சர்க்கார் படைபோலத் திரட்டிக் காட்டு வேலைக்கு அனுப்பிற்று. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பெரும்பங்கு வீட்டுக்குப் போய்விடும். இன்று வாடகைக்கு விடும் குடில்களில் பல அந்தப் பையன்களின் கைவேலை.

பிறகு மோட்டார்ச் சாலை வந்தது. கம்பியில்லாத் தந்தி வந்தது. புகையைத் தேட ஆகாய விமானம் வந்தது. குதிரைக்காரருக்கு வேலை போயிற்று, குடில்கள் காலியாயின. ஆளில்லாத மர வீடு எத்தனை காலம் தாங்கும்? பனியின் பாரத்தில் கூரை அமுங்கும், ஒழுகும் இடத்தில் கட்டை உளுக்கும், எலி குடியேறும். பராமரிக்கப் பணமில்லாமல் எத்தனையோ குடில்கள் இடிக்கப்பட்டன, எரிக்கவும் பட்டன. மிஞ்சியவற்றுக்கு வாடகையே உயிர் தந்தது. 2004-ஆம் ஆண்டுச் சட்டம், இவ்வாறு வசூலாகும் கட்டணத்தில் பொதுவாக நூற்றுக்கு எண்பது பங்குக்குக் குறையாமல் வசூலான பகுதிக்கே செலவிடவேண்டும் என்கிறது. ஆகவே ஓர் இரவுக்கு நாம் கொடுக்கும் டாலர்கள் ஓட்டை அடைக்கும் பலகையாக மாறுகின்றன. கஜானாவில் போய்க் கரைந்துவிடாத வரி என்பது அபூர்வமல்லவா?

இதில் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1864-இல் இந்திய வன இலாகாவின் முதல் தலைவராக அமர்ந்தவர் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். அமெரிக்க வன இலாகாவின் முதல் தலைவர் கிபோர்டு பின்ஷோ, இளமையில் ஐரோப்பாவுக்கு வனக்கலை பயிலச் சென்றபோது ஆலோசனை பெற்றது அந்தப் பிராண்டிஸிடந்தான். ஆனால் கட்டடங்களில் ஒரு வித்தியாசம் தெரிகிறது. நம் காடுகளில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நிற்கும் பங்களாக்கள் சுற்றுப்பயணம் வரும் துரைமாருக்காக எழுந்தவை. அகன்ற தாழ்வாரமும் தனிச் சமையற்கட்டும் அதைச் சொல்லும். காட்டில் இரவு பகலாக அலைந்த கார்டு எந்தக் குடிசையில் படுத்தான்? அதைப் பாதுகாத்து வைத்து யாரும் நமக்குக் காட்டவில்லை. அமெரிக்கர் போற்றி வைத்திருப்பதோ அந்தக் கார்டின் குடிசையை. அந்த விஷயத்தில் அவர்கள் மீது எனக்குச் சிறிது பொறாமையே உண்டு.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருந்து அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நெருக்கடி கோடையில்தான்; குளிர்காலத்தில் சில குடில்களுக்குப் பனியில் நடந்தே போகவேண்டும். குடிநீரைக் கூடவே கொண்டுபோவது உத்தமம். ஓடை நீரானால் கொதிக்க வைக்காமல் குடிக்கலாகாது. விறகு உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்க. ஊறுகாய் ஜாடியானாலும் வெளியே வைக்க வேண்டாம். கரடிக்கு மோப்பம் அதிகம். எலிப் புழுக்கை கண்டால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். அங்கத்திய எலிகள் சிலவற்றால் ஹான்டா என்ற கொடிய நோய் தூசியோடு பரவும். ஜன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விட்டு, கிருமிநாசினி நீர் தெளித்து, ஈரத் துணியால் துடைக்கவேண்டும். அதற்கப்புறம் அடுப்பை மூட்டிக் காப்பி போட்டுக்கொள்ளலாம்.