பனி மாதங்களில் உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய்

லயத்தில் இருந்தபோது தண்ணீர் என்றால் பீலி. பீலிக்கு வரும் பைப் எங்கே உடைந்தாலும் தோட்டத்தில் சொல்வீர்கள், யாராவது வந்து பார்ப்பார்கள். இப்போது உங்களுக்கு 7 பேர்ச் காணியும் தனி வீடும் இருக்கின்றன. தண்ணீர்த் தாங்கியும் சமையலறைக் குழாயும் உங்களுடையவை. பாதையோரப் பொதுக் குழாயிலிருந்து உங்கள் வீட்டுக்குப் பிரிந்து வரும் பைப்பும் உங்களுடையதுதான். அது வெடித்தால் செலவும் உங்களுடையதே. எனவே முதலாவது குளிர்காலம் வருவதற்கு முன்பே இந்தப் பக்கங்களை வாசித்துவிடுங்கள்.

நுவரெலியாவில் மார்கழிக் கடைசி தொடங்கி மாசி வரை சில இரவுகளில் துகள் உறைபனி விழும். விடியற்காலையில் புல் வெள்ளை பூத்துக் கிடப்பதையும், வெயில் ஏறியபின் கொழுந்து கருகி நிற்பதையும் நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அந்தப் பனி தேயிலைக்கு என்ன செய்யும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாய்க்கு என்ன செய்யும் என்பதே இங்கே சொல்ல வேண்டிய விஷயம்.

வானொலியில் "இன்று காலை நுவரெலியாவில் 4 பாகை" என்று சொல்வார்கள். தண்ணீர் உறைவது 0 பாகையில். அப்படியிருக்க 4 பாகையில் பனி எப்படி விழுகிறது? வானிலை அளப்பவர்களின் வெப்பமானி தரையிலிருந்து நாலடிக்கும் மேலே, கூண்டுக்குள் இருக்கிறது. முகில் இல்லாத, காற்று அடிக்காத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அப்போது தரையை ஒட்டிய புல்லும் கல்லும் பைப்பும் மேலே உள்ள காற்றைவிடக் கூடுதலாகக் குளிர்ந்து 0 பாகைக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த காற்று பாரமானது. அது தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கும். நகரத்தில் குதிரைப் பந்தயத் திடலும், வெளியே அம்பேவெல, பட்டிப்பொல பக்கத்துப் புல்வெளிகளும் முதலில் வெள்ளையாவது இதனால்தான். உங்கள் வீடு மேட்டில் இருந்தாலும், பைப் ஒரு பள்ளத்தைக் கடந்து வந்தால் அந்தப் பள்ளத்தில்தான் கவனம் தேவை.

ஹட்டன் பக்கத்தில் இருப்பவர்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் அதைவிட ஏறக்குறைய 600 மீற்றர் தாழ்வு. ஒவ்வொரு 100 மீற்றர் இறங்கும்போதும் சராசரியாக அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகச் சூடு கூடும் என்பதால், ஹட்டன் பொதுவாக மூன்று நான்கு பாகை இதமாக இருக்கும். ஆனாலும் கசிவைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பது உங்களுக்கும் பொருந்தும்.

எது உறையும், எது உறையாது

கனடாவில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில், "பைப் உறைந்து வீடெல்லாம் வெள்ளம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வேறு குளிர். ரொறன்ரோவில் தண்ணீர்க் குழாயை 4 அடிக்கும் ஆழமாகப் புதைப்பார்கள். அங்கே நிலமே அவ்வளவு தூரம் உறையும். மூடப்படாத குழாய்கள் உறையத் தொடங்குவது வெளிக்காற்று ஏறக்குறைய மைனஸ் 7 பாகைக்கு இறங்கும்போதுதான் என்று அமெரிக்காவில் செய்த ஆய்வொன்று காட்டியது. நமது மலையில் காற்று அவ்வளவு குளிர்வதில்லை. ஆகவே சுவருக்குள் போகும் பைப், சமையலறைக் குழாய், மண்ணுக்குள் புதைத்த பைப் ஆகியவை உறைந்து வெடிக்கும் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். 500 லீற்றர், 1,000 லீற்றர் தாங்கியில் இருக்கும் தண்ணீரும் ஒரே இரவில் உறையாது.

மாட்டிக்கொள்வது புல்லின் மேல் கிடக்கும் அரை அங்குல பைப்தான். தாங்கியிலிருந்து சுவர் வரை வெளியே தொங்கும் துண்டும், முற்றத்தில் துணி துவைக்கும் இடத்துக் குழாயும் அப்படித்தான். இவற்றுக்குள் தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது, உறைபனி விழும் இரவில் பனிக்கட்டி கட்டலாம். தண்ணீர் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். பூட்டிய குழாய்க்கும் பனிக்கட்டிக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீருக்குப் போக இடமில்லை. அந்த அழுத்தத்தில் மூட்டு கழன்றுவிடும், அல்லது பைப் நீளமாகக் கீறும்.

உண்மையைச் சொன்னால், நமது பக்கத்தில் உடைகிற பைப்புகளில் பனிக்கட்டியால் மட்டும் உடைவது குறைவு. எஸ்லோன் பைப் வருடக்கணக்காக வெயிலில் கிடந்தால் வெளுத்து, மாப்போல் உதிர்ந்து, பலம் குறைந்துவிடும். குளிரில் அது இன்னும் நொறுங்கும் தன்மை அடையும். பகலில் தாங்கியதை, விடியற்காலையில் மாட்டின் குளம்போ பிள்ளையின் காலோ பட்டால் தாங்காது. இன்னொன்று: இந்த பைப் குளிரில் சுருங்கும். 20 மீற்றர் நீளம் வெளியே கிடந்தால், பகல் வெயிலுக்கும் விடியற்குளிருக்கும் 20 பாகை வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால்கூட, இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையாமல் சுருங்கி நீளும். தினமும் இப்படி இழுபட்டால், சரியாக ஒட்டாத மூட்டு ஒருநாள் விட்டுவிடும்.

மண்ணுக்குள் போடுங்கள்

இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து மண். நமது மலையில் உறைபனி தரையின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஓரடி, முடிந்தால் ஒன்றரை அடி ஆழம் போதும். அந்த ஆழத்தில் குளிரும் வெயிலும் பைப்பைத் தொடாது, மரக்கறிப் பாத்தி கொத்தும் மண்வெட்டியும் எளிதில் படாது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பேர் சேர்ந்தால் முடிகிற வேலை இது. கார்த்திகை மழை ஓய்ந்து மண் காய்ந்தவுடன் செய்யுங்கள்.

வெட்டும் இடத்தை யோசித்து வெட்டுங்கள். வீட்டுக்குப் பின்னால் வெட்டிவிட்ட மண்மேட்டின் விளிம்போடு பைப்பைக் கொண்டுபோக வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே நீளமாகக் குழி வெட்டித் திறந்தபடி விட வேண்டாம். மழை பெய்தால் அது தண்ணீரைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கும். முடிந்தவரை நடைபாதையை ஒட்டிக் கொண்டுவந்து, அன்றைக்கே மண்ணைப் போட்டு மிதித்து இறுக்கி, மேலே சற்று மேடாக விடுங்கள். கானுக்குள் பைப்பைப் படுக்கவைப்பது பல இடங்களில் பழக்கம். வெட்டும் சிரமம் இல்லைதான். ஆனால் முதல் பெருமழையில் கல்லும் மண்ணும் வந்து அதை அடித்துக்கொண்டு போகும். மலசலகூடக் குழியின் பக்கமும் வேண்டாம். நேரம் வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் இடங்களில், தண்ணீர் நின்ற நேரத்தில் கீறல் உள்ள பைப் சுற்றியுள்ள அழுக்கை உள்ளே இழுக்கும்.

புதைக்க முடியாத துண்டுகளைச் சுற்றிக் கட்டுங்கள். குளிரூட்டிகளுக்குப் போடும் கறுப்பு ஃபோம் உறை கடையில் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய கம்பளி, சாக்கு போதும். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் பொலித்தீனை இறுக்கிக் கட்டுங்கள். பொலித்தீன் கட்டாயம், ஏனென்றால் நனைந்த சாக்கு குளிரைத் தடுக்காது. தரையில் ஓடும் பைப்பைத் தற்காலிகமாக மூட வேண்டுமென்றால் மானாப்புல்லை வெட்டிக் கனமாகப் போட்டு, பறக்காமல் கல் வையுங்கள். அடுத்த வருடத்துக்குள் புதைத்துவிட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக மூட்டு ஒட்டுவதாயிருந்தால், வெயில் உள்ள மத்தியான நேரத்தில், பைப்பைத் துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள். குளிரில் பைப் பசை இறுகக் கூடுதல் நேரம் எடுக்கும். ஒட்டிய கையோடு தண்ணீரைத் திறக்காமல் மறுநாள் வரை பொறுத்திருங்கள்.

குழாயைத் திறந்து விடாதீர்கள்

குளிர் நாடுகளில் கொடுக்கும் ஆலோசனை ஒன்று கைத்தொலைபேசி வழியாக இங்கேயும் சுற்றி வருகிறது. இரவில் குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டால், தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதால் உறையாதாம். அது பொய்யல்ல. ஆனால் அந்த நாட்டு வீட்டுக்குப் பின்னால் நகரத்து நீர் வழங்கல் முழுவதும் நிற்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்பது ஓர் ஊற்றும் ஒரு பொதுத் தாங்கியும். நமக்குப் பனி விழும் மாதங்களில்தான் மழையும் குறைந்து ஊற்று வற்றத் தொடங்கும். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் மெல்லிய நூலாக ஓடினாலும் பத்து மணித்தியாலத்தில் 600 லீற்றர். ஒரு வீட்டின் தாங்கி காலியாகி, அதை நிரப்பப் பொதுத் தாங்கியும் இறங்கும். விடிந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரத்தில் கடைசி வீடுகளில் காற்றுதான் வரும். புதிய குடியிருப்புகளில் அயலவர்களுக்குள் வரும் முதல் சண்டை பெரும்பாலும் தண்ணீரால்தான் வருகிறது.

அதற்குப் பதிலாக பைப்பை வெறுமையாக்குங்கள். தாங்கியிலிருந்து வெளியே போகும் பைப் தொடங்கும் இடத்தில் ஒரு வால்வு போடுங்கள். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில், படுக்கப்போகும் முன் அந்த வால்வைப் பூட்டி, முற்றத்துக் குழாயைத் திறந்து, உள்ளே நிற்கும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். வெறும் பைப்பில் உறைய ஒன்றும் இல்லை. இதற்கு முற்றத்துக் குழாய்தான் அந்தப் பாதையில் மிகத் தாழ்வான இடமாக இருக்க வேண்டும். வீடு கட்டும்போதே மேசன்பாஸிடம் இதைச் சொல்லிவிட்டால் செலவு மிகக் குறைவு.

காலையில் தண்ணீர் வரவில்லையென்றால் உடனே பனிக்கட்டிதான் என்று முடிவு செய்ய வேண்டாம். பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேளுங்கள். அங்கேயும் வரவில்லையென்றால் ஊற்றுப் பக்கம் இலை அடைத்திருக்கலாம், அல்லது பைப் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்திருக்கலாம். உங்கள் வீட்டில் மட்டும் இல்லை, வெளியே கிடக்கும் பைப்பில் வெள்ளை பூத்திருக்கிறது என்றால் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வெயிலுக்குக் காத்திருங்கள். அவசரமானால் பைப்பில் துணியைச் சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்ப் பக்கமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போக வேண்டும். கொதிநீர் வேண்டாம். மண்ணெண்ணெய்ப் பந்தமோ நெருப்போ கூடவே கூடாது. எஸ்லோன் பைப் 80 பாகைச் சூட்டிலேயே இளகிவிடும்.

கசிவு சின்ன விஷயமல்ல

உங்களில் பலர் இந்த இடத்துக்கு வந்ததே பழைய இடத்தில் மண் சரியும் என்று சொன்னதால். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் மழை. ஆனால் சரிவான நிலத்துக்குள் தண்ணீர் இறங்குவது எந்த வழியாக இருந்தாலும் மண்ணின் பிடி தளரும். மண்மேட்டின் மேல் உடைந்த பைப் ஒன்று இரண்டு மூன்று மாதம் கவனிப்பாரில்லாமல் ஓடினால், கார்த்திகை மழை வரும்போது அந்த மேடு ஏற்கெனவே ஊறி நிற்கும். பனி மாதத்துக் கீறலை இதனால்தான் பனி மாதத்திலேயே பிடிக்க வேண்டும்.

பிடிப்பது எளிது. இரவில் எல்லாக் குழாய்களையும், தாங்கிக்குத் தண்ணீர் வரும் வழியையும் பூட்டுங்கள். ஒரு குச்சியால் தாங்கியின் தண்ணீர் மட்டத்தை அளந்து கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடும் முன் திரும்ப அளங்கள். இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு 20 லீற்றருக்கு மேல். தாங்கிக்கு முன்னால் உள்ள பைப்பில், வெயில் நாளிலும் ஈரமாகக் கிடக்கும் மண்ணையும், மற்ற இடம் காய்ந்திருக்க ஓரிடத்தில் மட்டும் பச்சையாக நிற்கும் புல்லையும் தேடுங்கள்.

பைப்பே இல்லாத இடத்தில் திடீரென்று தண்ணீர் ஊறினாலும், இருந்த ஊற்று கலங்கி வந்தாலும் நின்றுபோனாலும், நிலத்தில் வெடிப்புக் கண்டாலும், மரமோ கம்பமோ சாய்ந்தாலும் அது குழாய்க்காரர் பார்க்கும் வேலையல்ல. வீட்டாரை அப்புறப்படுத்திவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

பொதுக் குழாயில் கீறல் கண்டால் நீங்களே வெட்டி ஒட்ட வேண்டாம். தண்ணீர்ச் சங்கத்துக்கோ தோட்ட அலுவலகத்துக்கோ, நீர் வழங்கல் சபையின் இணைப்பென்றால் அவர்களுக்கோ சொல்லுங்கள். மீற்றர் பெட்டியின் மூடி உடைந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், இரவுக் குளிர் நேராகப் படும் இடம் அது.

பொங்கலுக்கோ பிள்ளைகளைப் பார்க்கவோ கொழும்புக்குப் போய் நாலைந்து நாள் தங்குவதாயிருந்தால், போகும் முன் பிரதான வால்வைப் பூட்டி வெளிக் குழாயைத் திறந்து வடியவிட்டு, வால்வு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காட்டிவிட்டுப் போங்கள்.