1959-ல் தொடங்கிய 'கோபால்'... கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் இன்றும் படிக்கணுமா?

2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கில் அமெரிக்காவில் வேலையிழந்தவர்கள் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் கொண்டிருந்தார்கள். நியூ ஜெர்சியில் விண்ணப்பங்கள் குவிந்ததும், 40 ஆண்டுகளுக்கும் மேல் பழைய கம்ப்யூட்டர் அமைப்பு திணறியது. 'கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் உதவ முன்வாருங்கள்' என்று ஆளுநர் பில் மர்ஃபியே கேட்கும் நிலை!

பைத்தான், ஏஐ என ஓடும் மாணவர்கள் இதைக் கவனிக்கணுமா?

கோபால் என்பது என்ன?

பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டு அண்ணன் போலத் தோன்றும். ஆனால் இது ஒரு புரோகிராமிங் மொழி. வணிகக் கணக்குகளுக்காக 1959-ல் இதை வடிவமைக்கத் தொடங்கினார்கள். கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய 'ஃப்ளோ-மேட்டிக்' மொழிதான் இதற்கு முக்கிய அடித்தளம்.

ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை?

ஒரு சின்ன சோதனை. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் தசம எண்களை இரும எண்களாக மாற்றி வைப்பதால் வரும் சிக்கல் இது. வங்கிக் கணக்கில் இப்படி வந்தால் என்னாகும்? பைத்தானில் இதைத் தவிர்க்க தனி வசதியை வரவழைக்க வேண்டும். கோபாலில் ரூபாய், பைசாவைத் தசமமாகவே கணக்கிடும் வசதி மொழியோடு சேர்ந்தே இருக்கிறது.

இன்னொரு காரணம் பயம். பல ஆண்டுகளாகச் சேர்ந்த விதிகள் அந்த நிரல்களுக்குள்தான் இருக்கின்றன. எழுதியவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். மாற்றும்போது ஒரு விதி விட்டுப்போனாலும் பணம் தப்பான இடத்துக்குப் போய்விடும்.

'சி' மொழி மட்டும் ஏன் பாடத்தில் இருக்கிறது?

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கியது சி. லினக்ஸ் கெர்னலின் பெரும்பகுதி இதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பைத்தானை இயக்கும் வழக்கமான மென்பொருளும் சி-யில் எழுதப்பட்டதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் முதல் செமஸ்டரில் பைத்தானும், அடுத்த செமஸ்டரில் சி-யும் படித்தார்கள். மெமரியை எங்கே ஒதுக்குவது, எப்போது விடுவிப்பது என்பதைப் பைத்தான் தானே பார்த்துக்கொள்ளும். சி-யில் நாமே செய்யணும். அதனால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

மறுபக்கமும் இருக்கு

அந்தச் சுதந்திரமே ஆபத்தும்கூட. மெமரியைக் கையாள்வதில் வரும் பிழைகள் ஹேக்கர்களுக்கு வழிவிடுகின்றன. அதனால்தான், சி, சி++ மொழிகளிலிருந்து மெமரி பாதுகாப்புள்ள மொழிகளுக்கு மாறும்படி 2024 பிப்ரவரியில் வெள்ளை மாளிகை அறிக்கை வலியுறுத்தியது. 4 ஆண்டுப் படிப்பில் நேரமும் குறைவு. பழைய மொழி ஒன்றை மட்டும் நம்பி வேலை தேடினால், கிடைக்கும் வாய்ப்புகளும் சுருங்கிவிடும்.

அப்போ என்னதான் செய்யலாம்?

* சி-யைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யாமல், மெமரி புரியும் வரை எழுதிப் பாருங்கள்.

* வேலைக்கு ஒரு நவீன மொழியில் முழுமையாகத் தேறுங்கள்.

* வங்கி, காப்பீட்டுத் துறை மென்பொருளில் ஆர்வம் இருந்தால் மட்டும் கோபால் பக்கம் போகலாம். 'க்னு கோபால்' இலவசமாகவே கிடைக்கிறது. சொந்த லேப்டாப்பே போதும்.

மொழியின் வயதைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், பழசு என்பதற்காகக் கும்பிடவும் வேண்டாம். அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் சிக்கல் இன்றும் இருந்தால், அந்த மொழிக்கும் வேலை இருக்கிறது.